முதுகில் ஒரு கரிய கோடு: ஐஸ்லாந்துக் குதிரையின் வர்ணமும் வடிவமும்

கிரெட்டிர் என்னும் முரட்டு வீரனின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய ஐஸ்லாந்துக் கதையில், அவனுடைய தகப்பனார் ஆஸ்முண்டுர், வேறு எந்த வேலையிலும் மனம் ஊன்றாத மகனைக் குளிர்காலத்தில் குதிரை மேய்க்க அனுப்பும்போது, தம் மந்தையிலுள்ள பெண்குதிரை ஒன்றைப் பற்றி விசேஷமாக எடுத்துரைக்கிறார். கெங்காலா என்பது அதன் பெயர். வானிலையை முன்கூட்டியே உணரும் ஞானம் அதற்கு உண்டென்றும், அது லாயத்தை விட்டு வெளியே வர மறுத்தால் அன்று புயல் நிச்சயமென்றும் அவர் நம்பியிருந்தார். கெங்காலாவோ கடுங்குளிரிலும் காற்று மிகுந்த மேட்டையே நாடிச் சென்று, இருட்டும் வரையில் அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று நின்று விறைத்துப்போன கிரெட்டிர், ஒரு நாள் விடியற்காலையில் கூரிய கத்தியொன்றை எடுத்துக்கொண்டு போய், அதன் முதுகுத்தோலை முழுதும் உரித்துவிட்டான். லாயத்தை விட்டு அசையாத குதிரையைப் பார்க்க வந்த தகப்பனார் வாஞ்சையோடு முதுகைத் தடவினார். தோல் கையோடு வந்தது.

இந்தக் கொடுமையைப் படித்தவர் மறப்பதில்லை. ஆனால் தகப்பனார் அந்தக் குதிரையை அறிமுகப்படுத்தும்போது பெயரைச் சொல்வதற்கு முன்பே அதன் வர்ணத்தைச் சொல்லிவிடுகிறார் என்பதைக் கவனிப்பவர் சிலரே. வெளிறிய மஞ்சள் உடம்பும், பிடரி முதல் வால் வரையில் முதுகின் நடுவே ஓடும் கரிய கோடும் உடைய குதிரை அது. அதற்கு அவர் சொல்லும் ஒற்றைச் சொல் ‘பிளெய்காலோட்’. அதிலுள்ள ‘ஆல்’ என்னும் உறுப்பு அந்த முதுகுக் கோட்டைக் குறிப்பது. கிரெட்டிரின் கத்தி போனதும் அந்தக் கோட்டின் வழியேதான். ஹ்ராப்ன்கெல் என்னும் பிரபுவின் கதையிலும் இதே முறைதான்: ஃப்ரெய்ர் தெய்வத்துக்குப் பாதி உரிமையாக்கப்பட்டு, அவன் அனுமதியின்றி ஏறுகிறவனைக் கொல்வதாக அவன் சபதம் செய்திருந்த அந்தப் புகழ்பெற்ற குதிரையை, முதலில் முதுகுக் கோடுள்ள கருஞ்சாம்பல் குதிரை என்று சொல்லிய பிறகே, ஃப்ரெய்பாக்சி என்ற பெயரைக் கதாசிரியர் சொல்கிறார். முந்நூறு ஆண்டுக்கு முந்திய நிகழ்ச்சிகளை எழுத உட்கார்ந்த ஒருவருக்குக் குதிரையின் உயரமோ வயதோ நினைவுக்கு வரவில்லை, நிறம் வந்தது. அந்த இரண்டு குதிரைகளுக்குரிய நிறச்சொற்களும் இன்றைய ஐஸ்லாந்தில் குதிரைப் பதிவேட்டில் அப்படியே வழங்குகின்றன. அங்கே வர்ணம் குதிரையின் அலங்காரமாகக் கருதப்பட்டதில்லை, அதன் அடையாளமாகவே கருதப்பட்டது என்பதும், அலங்காரமாகக் கருதப்படாததாலேயே அது இத்தனை வகையாகப் பிழைத்து நின்றது என்பதுமே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவன.

ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் புறப்பட்ட குடியேறிகள், மேல்தளமில்லாத கப்பல்களில் தங்கள் மனைவி மக்களோடும் ஆடுமாடுகளோடும் குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு வட அட்லாண்டிக் கடலைத் தாண்டி இத்தீவை அடைந்தார்கள். கப்பலில் இடம் கொஞ்சம். பிரயாணமோ பல நாள் நீடிப்பது. ஆகையால் ஒவ்வொருவரும் தம்மிடமிருந்தவற்றுள் உறுதியானவற்றையே தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று ஊகிப்பதில் பிழையில்லை. குடியேற்ற வரலாற்றைக் கூறும் ‘லாண்ட்நாமபோக்’ என்னும் கிரந்தத்தில், ஸ்கால்ம் என்ற பெண்குதிரை சுமையோடு எங்கே படுத்துவிடுகிறதோ அங்கேதான் குடியேற வேண்டுமென்று ஒரு குடும்பத்துக்கு வாக்குச் சொல்லப்பட்டதாகவும், அவர்கள் அவ்வாறே அதன் பின்னால் நடந்து நிலம் தேர்ந்ததாகவும் ஒரு விருத்தாந்தம் இருக்கிறது. நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையே குதிரையிடம் விட்ட சமூகம் அது.

930இல் கூடத் தொடங்கிய ஆல்திங்கு என்னும் மக்கள் மன்றம், 982இல் அந்நியக் குதிரைகளின் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் செய்தது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தத் தேதியின் உறுதி எப்படியிருப்பினும், நூற்றாண்டுக் கணக்காக வெளிக் குதிரையின் இரத்தம் இந்த இனத்தில் கலக்கவில்லை என்பதும், இன்றும் ஒரு குதிரை ஐஸ்லாந்தை விட்டு ஒரு முறை வெளியேறினால், அது பந்தயத்தில் எத்தனை பரிசு பெற்றதாயினும், பிறந்த மண்ணுக்குத் திரும்பச் சட்டம் இடம் தராது என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. பிற தேசங்களில் குதிரைகளை வாட்டும் பல தொற்றுநோய்கள் தங்கள் தீவில் இல்லை, ஆகவே அவற்றை எதிர்க்கும் சக்தியும் தங்கள் குதிரைகளுக்கு இல்லை என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். வெளிநாட்டில் உபயோகித்த சேணத்தையும் கடிவாளத்தையும் கூட உள்ளே கொண்டுவர விடுவதில்லை. 2010இல் ஒரு சுவாச நோய் குதிரைகளிடையே பரவியபோது, தேசம் முழுவதும் எதிர்பார்த்திருந்த ‘லாண்ட்ஸ்மோட்’ என்னும் குதிரைப் பெருவிழாவையே மறு ஆண்டுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது.

இப்படி வாசலடைத்த வம்சத்தை இயற்கையும் பல முறை சலித்தெடுத்தது. 1783இல் லாக்கி எரிமலைப் பிளவு வாய் திறந்து எட்டு மாதம் நெருப்பையும் நச்சுவாயுவையும் கக்கியபோது, புல்லெல்லாம் ஃபுளோரின் நஞ்சேறி, அதை மேய்ந்தவையும் மேய ஒன்றுமில்லாமல் பட்டினி கிடந்தவையுமாகத் தீவின் குதிரைகளில் பாதிக்கு மேல் மாண்டன. மனிதரிலும் ஐந்தில் ஒருவர் அந்தப் பஞ்சத்தில் மடிந்தார்கள். சிறு கூட்டம், மூடிய வம்சம், அடுத்தடுத்த பேரிழப்புகள்: இம்மூன்றும் சேர்ந்தால் ஒரு பிராணியினத்தில் வேற்றுமை குறைந்து, ஒன்றைப் போலவே மற்றொன்றும் ஆகிவிட வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் ஐஸ்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம் நின்று பார்க்கிறவர் கண்ணில், கறுப்பு, செம்பழுப்பு, சிவப்பு, களிமண் மஞ்சள், எலிச்சாம்பல், வெள்ளித் தூவல், பாதி வெள்ளை, முக்கால் வெள்ளை என்று ஒரே மந்தையில் ஒரு நிறக்கடையே விரிகிறது. நார்வேயின் ஃபியோர்டு குதிரைகளை எடுத்துக்கொண்டால் அனைத்துக்கும் முதுகுக் கோடும் மங்கலான மேனியுமே உண்டு. டிரோல் மலைநாட்டு ஹாஃப்லிங்கர் யாவும் சிவந்த மேனியும் வெளுத்த பிடரியும் உடையவை. ஃப்ரீசியக் குதிரையோ கறுப்பைத் தவிர வேறெதுவும் அறியாது. வாசல் திறந்திருந்த தேசங்களில் ஒரே நிறம். வாசலடைத்த தீவில் எல்லா நிறமும்! புள்ளிச் சிறுத்தையைப் போன்ற மேனி ஒன்றுதான் இங்கே காண்பதற்கில்லை.

இந்தப் புதிருக்கு விடை அக்குதிரையின் தேகத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகையால் நிறத்தைச் சற்றே நிறுத்தி உருவத்தைப் பார்ப்போம்.

தோள்மேட்டில் அளந்தால் பெரும்பாலும் 132 முதல் 142 சென்டிமீட்டர் வரை. எடை 330 முதல் 380 கிலோகிராம் வரை. உயரத்தை மட்டும் கொண்டு பார்த்தால் இது மட்டக்குதிரை வகுப்பில்தான் சேரும். ஆனால் ஒரு ஐஸ்லாந்துக்காரரிடம் அப்படிச் சொல்லிவிட்டு நட்பை எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் மொழியில் இதற்குக் குதிரை என்ற பெயரே உண்டு, வேறு பெயர் கிடையாது. வளர்ந்த ஆடவனைச் சுமந்துகொண்டு எரிமலைக் குழம்பு உறைந்த கரடுகளிலும் பனியாறுகளின் குளிர்நீரிலும் நாள் முழுதும் நடக்கிற பிராணியைச் சிறுமைப்படுத்திச் சொல்ல அவர்களுக்கு நாவெழுவதில்லை. எனக்கு இதில் அவர்கள் கட்சிதான் நியாயமாகப் படுகிறது. உயரம் அளவுகோலின் விஷயம். குதிரைத்தன்மை எலும்பிலும் சுவாசத்திலும் இருக்கிறது. அகன்ற நெற்றியோடு நேராக இறங்கும் தலை, குட்டையான ஆனால் தசை திரண்ட கழுத்து, ஆழ்ந்த மார்பு, சரிந்திறங்கும் பின்தட்டு, உடம்பை நோக்கக் குட்டையாயினும் எலும்பு திடமான கால்கள் என்பன இதன் அவயவ லட்சணங்கள். முதிர்ச்சி மெதுவாகவே வருகிறது. நான்கு வயதாவது ஆகாமல் இதன் மேல் சேணம் வைப்பது வழக்கமில்லை.

ரோமத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலம் பிறந்ததும் தோலையொட்டி மென்மையான உள்மயிரும், அதன் மேல் நீண்டு தடித்த புறமயிரும் அடர்ந்து வளரத் தொடங்கிவிடுகின்றன. மழை புறமயிரின் நுனியில் வழிந்து சொட்டுகிறது. உள்மயிர் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு தேகச் சூட்டைக் காக்கிறது. இந்தப் போர்வையோடு ஆர்க்டிக் வட்டத்தின் விளிம்பில் குளிர்காலம் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும் குதிரைகள் அநேகம்; புயல் வந்தால் பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தி ஒன்றையொன்று ஒட்டி நின்றுவிடும். அடர்ந்த பிடரியும் வாலும் அப்போது கழுத்துக்கும் தொடைக்கும் கம்பளியாகின்றன. வசந்தத்தில் இந்த மயிரெல்லாம் கொத்துக் கொத்தாய் உதிர்ந்து, அதே குதிரை பளபளக்கும் கோடை மேனியோடு வேறொரு குதிரையாய் நிற்கும். குளிர்காலத்தில் வாங்கிய குதிரையைக் கோடையில் அடையாளம் தெரியாமல் விழிப்பவர் உண்டென்றால் அது முழுக்க வேடிக்கைப் பேச்சல்ல. நிறமும் உடன் மாறுகிறது.

நடைகளைக் குறித்து நிறைய எழுதப்பட்டிருப்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். சாதாரணக் குதிரைக்குரிய நடை, ஓட்டம், பாய்ச்சல் ஆகிய மூன்றோடு, இதற்கு ‘டோல்ட்’ என்பதும் ‘ஸ்கெய்த்’ என்பதும் உண்டு. டோல்ட் நான்கு தாளமுள்ளது. எப்போதும் ஒரு காலாவது நிலத்தில் பதிந்திருப்பதால் ஏறியிருப்பவர் கையிலுள்ள கோப்பை தளும்பாது என்பார்கள். ஸ்கெய்த் ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் ஒன்றாய்ப் பாயும் விரைவோட்டம். 2012இல் ஸ்வீடனிலுள்ள உப்சாலாவில் நடந்த ஆராய்ச்சி, ‘டி.எம்.ஆர்.டி. 3’ என்னும் மரபணுவில் நேர்ந்த ஒரே ஒரு திரிபே இந்த நடைகளுக்கு வாயிற்காவல் என்று காட்டியது. அதற்கு நான்கு ஆண்டு கழித்து வெளியான மற்றோர் ஆராய்ச்சி, புதைபொருட்களிலிருந்து எடுத்த பழைய குதிரையெலும்புகளில் அதே திரிபைத் தேடி, ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இரண்டு குதிரைகளிலும், ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரைக்குமான ஐஸ்லாந்துக் குதிரைகள் பலவற்றிலும் அதைக் கண்டது. அக்காலத்து ஸ்காண்டிநேவியக் குதிரைகளில் காணவில்லை. குடியேறிகளின் கப்பல்களில் சில பிரிட்டிஷ் கரையைத் தொட்டு வந்தவை என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை.

குடியானவர் வேண்டியது இவையே: தாங்கும் உடம்பு, குலுங்காத நடை, குளிரை வெல்லும் ரோமம். பஞ்ச காலத்தில் எதைக் கொன்று தின்பது, எதைக் காப்பாற்றுவது என்ற கொடிய கேள்வி எழுந்தபோதும் இவற்றை வைத்தே விடை தேடியிருப்பார்கள். நடக்கத் தெரிந்த களிமண்நிறக் குதிரையை நிறத்துக்காக விலக்கவும், நடக்கத் தெரியாத கறுப்புக் குதிரையை நிறத்துக்காக வைத்துக்கொள்ளவும் அந்தத் தீவில் யாருக்கும் வசதி இருந்ததில்லை. ஃப்ரீசியக் குதிரையைக் கறுப்பாக்கியது வளர்ப்போரின் ரசனை. ஐஸ்லாந்துக் குதிரையைப் பல நிறமாக வைத்தது வறுமை. இது என் அபிப்பிராயமாயினும், அந்த நாட்டு விவசாய வரலாற்றை அறிந்தவர் மறுப்பாரென்று தோன்றவில்லை.

இனி வர்ணங்களுக்கு வருவோம். அடிப்படை மூன்று. சிவப்புக்கு ‘ரௌதுர்’, செம்பழுப்பு மேனியும் கறுத்த பிடரி வால் கால்களும் உடையதற்கு ‘யார்புர்’, கறுப்புக்கு ‘ப்ரூன்’. கடைசிச் சொல்லில் அந்நியர் தவறாமல் இடறி விழுவார்கள். ஏனெனில் அதன் உறவுச்சொற்கள் மற்ற ஜெர்மானிய மொழிகளில் பழுப்பைக் குறிக்க, ஐஸ்லாந்தில் குதிரையைப் பற்றிப் பேசும்போது மாத்திரம் அது கறுப்பாகிவிடுகிறது. கறுப்பென்பதற்கு அவர்களிடம் வேறு நல்ல சொல் உண்டு. அதைக் குதிரைக்குச் சாதாரணமாய்ச் சொல்வதில்லை. நாமும் கறுப்பு மாட்டைக் காரி என்றும் சிவப்பு மாட்டைச் செவலை என்றும் சொல்கிறோமே தவிர, மாட்டுக்கும் மைக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பேசுவதில்லை. கால்நடையோடு வாழ்கிறவனுக்கு நிறச்சொல் ஒரு தனி அகராதி.

பாலூட்டிகளின் மயிரில் உள்ள நிறமிகள் கருநிறமி, செந்நிறமி என்னும் இரண்டே. கருநிறமியை உண்டாக்க உத்தரவிடும் மரபணு பழுதாகித் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால், மேனி முழுதும் செந்நிறமியே நிறைந்து ரௌதுர் பிறக்கிறது. அந்த மரபணு சரியாயிருந்து, கருநிறமியை உடம்பின் ஓரங்களுக்கு ஒதுக்கி வைக்கும் மற்றொரு மரபணுவும் இருந்தால் யார்புர். ஒதுக்குவார் இல்லாவிட்டால் ப்ரூன். இதற்கு மேல் வருபவை யாவும் இந்த மூன்றின் மேல் நீர் கலப்பதும் வெள்ளை தெளிப்பதுமேயாகும்.

நீர் கலக்கும் மரபணுக்களில் ஒன்று சிவப்பைப் பொன்னாக்குவது. சிவப்புக் குதிரையில் அது ஒற்றைப் பிரதியாய் வந்தால் பொன் மேனியும் வெளுத்த பிடரியும் அமைகின்றன. ஐஸ்லாந்தியர் இதைப் பொன் என்று புகழாமல், ‘களிமண் வெளிச்சம்’ என்று பொருள்படும் ‘லெய்ர்லியோஸ்’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள். அதே மரபணு செம்பழுப்பில் வந்தால் மேனி மண்ணிறமாகும், கால்கள் கறுப்பாகவே நிற்கும். அதன் பெயரும் மண்ணிலிருந்து பிறந்த ‘மோல்டோட்டுர்’ என்பதே. இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் தந்த வெண்மை மேனியும் நீலக் கண்களும் உடைய குட்டி பிறக்கிறது. ஐஸ்லாந்தின் ஆடுகள், குதிரைகள் ஆகியவற்றின் நிறப் பரம்பரையை ஆராய்வதில் ஆயுளைச் செலவிட்ட ஸ்டெஃபான் அதால்ஸ்டெய்ன்சன், இந்தப் பொன்னிறம் எப்படி இறங்குகிறது என்பதை மரபணுவின் எழுத்தை நேரில் படிக்க வழியில்லாத காலமான 1974லேயே, தாய் தந்தை குட்டி ஆகிய மூன்றன் நிறங்களைப் பதிவேட்டில் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். பெயர்கள் தெளிவாயிருந்ததனாலன்றோ பதிவேட்டிலிருந்து பரம்பரையைப் படிக்க முடிந்தது!

முதுகுக் கோட்டுக்கு இப்போது திரும்பலாம். சிவப்பின் மேல் அது வந்தால் மேனி வெளிறிய ஆரஞ்சாகி, கோடு சிவந்து தோன்றும். இதற்கு டேண்டிலயன் பூவை நினைத்து ‘ஃபீவில்பிளெய்குர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செம்பழுப்பின் மேல் வந்தால் கெங்காலாவின் நிறம். கறுப்பின் மேல் வந்தால் எலிச்சாம்பல். கோட்டோடு சில சமயம் கால்களில் வரிக்குதிரையை நினைவூட்டும் குறுக்கு வரிகளும் தோளில் நிழல் போன்ற பட்டையும் காணப்படும். இந்த மங்கல் எப்படி உண்டாகிறது என்பதை 2016இல் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஃப்ரேயா இம்ஸ்லாந்து முதலானோர் உப்சாலாவிலிருந்து வெளியிட்ட ஆராய்ச்சி விளக்கியது. மங்கல் மேனியிலுள்ள ஒரு மயிரைக் குறுக்கே வெட்டி நுண்பெருக்கியில் பார்த்தால், நிறமி மயிரைச் சுற்றிச் சமமாகப் பரவாமல் ஒரு பக்கமாகவே குவிந்திருக்கிறது. மறுபக்கம் கண்ணாடியைப் போல் வெறுமையாயிருப்பதால் ஒளி ஊடுருவி மேனி வெளிறித் தோன்றுகிறது. முதுகுக் கோட்டிலுள்ள மயிரிலோ நிறமி சுற்றிலும் நிறைந்திருக்கிறது. ஆகவே கோடு என்பது கூடுதலாய்ப் பூசிய கறுப்பன்று; வெளிறாமல் மிஞ்சிய பழைய நிறம். ‘டி.பி.எக்ஸ். 3’ என்னும் மரபணு, மயிர் முளைக்கும் குழியில் ஒரு பக்கத்தில் மாத்திரம் வேலை செய்து இந்தப் பாரபட்சத்தை விளைவிக்கிறது. காட்டுக் குதிரையின் ஆதி வர்ணமே இந்த மங்கல்தான். பிற்காலத் திரிபுகளால் அது அணைந்துபோன குதிரைகளே நாம் சாதாரணமாய்க் காணும் கறுப்பும் சிவப்பும். ஆனால் அணைந்த வகைகளுள் ஒன்று மனிதன் குதிரையை வசப்படுத்துவதற்கு நெடுங்காலம் முன்பே, சுமார் 43,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குதிரையின் எச்சத்திலும் அகப்பட்டிருக்கிறது. அந்தக் குதிரை மங்கலையும் அணைந்ததையும் ஆளுக்கொரு பிரதியாய்ச் சுமந்திருந்தது.

வெள்ளித் தூவலான ‘விந்தோட்டுர்’ விஷயத்தில் கிராமத்துக் கண்ணின் கூர்மை இன்னும் நன்றாய் வெளிப்படுகிறது. கறுப்புக் குதிரையில் மேனி சாக்லேட்டு நிறமாய் வெளுத்து, பிடரியும் வாலும் வெள்ளியாய் மாறினால் அதற்கு இந்தப் பெயர். சிவப்புக் குதிரைக்கும் பிடரி வெளுப்பதுண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் குடியானவர் பின்னதை ‘குளோஃபெக்ஸ்டுர்’, அதாவது தகதகக்கும் பிடரியுடையது, என்று தனியே பிரித்து, இரண்டையும் ஒன்றாக்காமல் காத்து வந்திருக்கிறார். வெள்ளியாக்கும் மரபணு கருநிறமியை மாத்திரமே வெளுக்கும், செந்நிறமியைத் தொடாது, ஆகையால் சிவப்பின் வெண்பிடரிக்குக் காரணம் வேறு என்று 2006இல் விஞ்ஞானம் சொன்னது. சொற்கள் அதை எப்போதோ சொல்லிவிட்டன. இந்தப் பிரிவு வெறும் அழகுக்காக அன்று. வெள்ளி மரபணுவை இரட்டைப் பிரதியாய்ப் பெற்ற குதிரைகளுக்குப் பிறவியிலேயே கண் கோளாறுகள் நேர்கின்றன. ஐஸ்லாந்துக் குதிரைகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். வெள்ளியோடு வெள்ளியைச் சேர்க்காதிருக்க வேண்டுமானால் எது வெள்ளி என்று முதலில் தெரிய வேண்டும்.

இனி வெள்ளை அடையாளங்கள். நெற்றியில் நட்சத்திரம், மூக்குத்தண்டில் பட்டை, மூக்கு நுனியில் திட்டு, காலில் உறை என ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். நம் மொழியில் நான்கு காலும் முகமும் வெளுத்த குதிரைக்குப் பஞ்சகல்யாணி என்று பெயர். அந்தப் பெயரிலேயே மங்கலம் கலந்திருக்கிறது. ஐஸ்லாந்தியச் சொற்களில் சுபமும் இல்லை, அசுபமும் இல்லை. பார்த்ததைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. பெரிய வெள்ளைத் திட்டுகள் முதுகைக் கடந்து விழுந்த குதிரை ‘ஸ்கியோட்டுர்’. மூன்றாவது குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாய்த் திரும்பிப்போனதே இதன் காரணமென்று 2007இல் தெரிந்தது. இதற்கு மாறாக, குதிரையைச் சுண்ணாம்புத் தொட்டியில் வயிறு வரை இறக்கி எடுத்தாற்போல் காலும் வயிறும் முகமும் வெளுத்து, கண்ணும் நீலமாகியிருந்தால் அது ‘ஸ்லெட்டுஸ்கியோட்டுர்’. தூரத்திலிருந்து பார்ப்பவர் இரண்டையும் திட்டுக்குதிரை என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவார். ஐஸ்லாந்துக்காரரோ அடைமொழி சேர்த்துப் பிரித்துவிட்டார். இரண்டும் வெவ்வேறு மரபணுக்களின் வேலையென்பது நிச்சயமாகியிருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளை மிகுந்த குதிரைகளில் சில செவிடாயிருக்கும். உட்செவிக்கும் நிறமியணுக்கள் அவசியமாதலால் வெள்ளை அங்கேயும் எட்டிப் பார்த்துவிடுகிறது.

நரைத்து வெளுக்கும் ‘கிரார்’ என்பதும், பருவத்துக்குப் பருவம் நிறம் ஏறியிறங்கும் ‘லிட்ஃபோரோட்டுர்’ என்பதும் மற்றோர் இரட்டை. முன்னது எந்த நிறத்தில் பிறந்தாலும் ஆண்டுக்காண்டு வெளுத்துக்கொண்டே போய்ப் பனிபோலாகிவிடும், திரும்பாது. உலகத்திலுள்ள நரைக்குதிரைகள் அனைத்துக்கும் ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் பிழையே மூலம் என்று 2008இல் கண்டார்கள். 15 வயது கடந்த நரைக்குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கருங்கட்டிகள் தோன்றுவதும் அந்தப் பிழையின் பலனே. ஓடின் தெய்வத்தின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிரும் நரைதான். ஏரிக்கரையில் சாதுவாய் நின்று ஏறியவரை நீருக்குள் இழுத்துச் செல்லும் ‘நிக்குர்’ என்ற மாயக்குதிரையும் நரைதான், அதன் குளம்புகள் பின்னோக்கித் திரும்பியிருக்கும். இத்தனை பேர்பெற்ற நிறத்தோடு ஒப்பிட, லிட்ஃபோரோட்டுர் அமைதியானது: தலையும் காலும் சொந்த நிறத்தைக் கைவிடாமல் நிற்க, உடம்பில் மட்டும் ரோமம் உதிர்ந்து முளைக்குந்தோறும் வெள்ளை மிகுந்தும் குறைந்தும் போகும். இந்தச் சொல்லுக்குள்ளேயே நிறம் பிரயாணம் செய்கிற குறிப்பு இருக்கிறது. இன்று இவ்வகை அருகிவிட்டதால் அதைக் காக்க வேண்டுமென்ற கவலை வளர்ப்போரிடம் எழுந்துள்ளது.

இத்தனை சொற்கள் எதற்கு? ஸ்காகாஃபியோர்துர் வட்டாரத்தில் செப்டம்பர்க் கடைசியில் லௌஃப்ஸ்காலாரெட் என்னும் குதிரைப் பட்டியில் நடப்பதை அறிந்தால் இந்தக் கேள்விக்கு இடமில்லை. கோடை முழுவதும் மலைப்பள்ளத்தாக்கில் பல பண்ணைகளின் குதிரைகள் ஒன்றாய்க் கலந்து, காவலின்றி மேய்கின்றன. இலையுதிர் காலத்தில் நூற்றுக்கணக்கில் ஓட்டிவந்து வட்டப் பட்டியில் அடைக்கிறார்கள். சுற்றிலும் உள்ள அறைகளில் அவரவர் குதிரையை அவரவர் பிரித்தெடுக்க வேண்டும். தூசியும் கனைப்பும் மோதலுமான அந்தக் கூட்டத்தில், வசந்தத்தில் கண்ட குட்டி இப்போது மயிர் மாறி வளர்ந்திருக்க, ‘வலது பின்காலில் உறை, நெற்றியில் சிறு நட்சத்திரம், எலிச்சாம்பல்’ என்று சொல்லத் தெரிந்தவருக்கே தம் குதிரை கிடைக்கும். பெயர்களும் பெரும்பாலும் அடையாளத்திலிருந்தே வருகின்றன: பட்டையுள்ளது பிளெசி, திட்டுள்ளது ஸ்கியோனி, நட்சத்திரமுள்ள பெண்குதிரை ஸ்டியார்னா. பெயரைக் கூப்பிட்டாலே பாதி வர்ணனை முடிந்துவிடும்.

கம்ப்யூட்டர் யுகத்திலும் இந்த வழக்கம் கலையவில்லை. உலகத்திலுள்ள ஐஸ்லாந்துக் குதிரைகளின் வம்சாவளியைக் காக்கும் ‘வோர்ல்டுஃபெங்குர்’ என்னும் பதிவேட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் நான்கு இலக்க நிற எண் உண்டு. 2500 என்றால் அடையாளமற்ற கறுப்பு. 2550 என்றால் முகத்தில் பட்டையுள்ள கறுப்பு. 1550 என்றால் பட்டையுள்ள சிவப்பு. எண்ணுக்குப் பக்கத்தில் பழைய சொல்லும் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்துக் குதிரை உலகத்துக்குப் பிரியமானதாகி, ஜெர்மனி முதலிய தேசங்களில் அதை வாங்குவோர் பெருகிய பின்பு, நடையை விட்டு நிறத்தைப் பார்த்து விலை பேசும் வாடிக்கையாளரும் தோன்றியிருக்கிறார்கள். வெள்ளிப் பிடரி, நீலக் கண், பொன் மேனி என்பவை படத்தில் அழகாய் விழுகின்றன. ஆயிரம் ஆண்டு வறுமை காத்த வேற்றுமையை ஐம்பது ஆண்டு வசதி கலைத்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. வெளிநாடு சென்ற குதிரைகள் ஐஸ்லாந்தில் அறியாத கொசு போன்ற சிற்றீக்களின் கடியால் பிடரியும் வாலும் சொறிந்து புண்ணாகித் துன்புறுவதை நினைக்கும்போது, அந்த அழகிய பிடரிக்காக வாங்கியவர் என்ன செய்வாரென்றும் தோன்றுகிறது. ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு தடை இன்னும் நிற்கிறது. இனப்பெருக்கத்துக்குத் தகுதியான குதிரைகளைப் பரிசோதிக்கும்போது, தலை, கழுத்து, முதுகும் பின்தட்டும், உடலின் விகிதம், கால்கள், மூட்டுகள், குளம்புகள் என்று ஒவ்வோர் அவயவத்துக்கும், பிறகு ஒவ்வொரு நடைக்கும், 5 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார்கள். பிடரியும் வாலும் எவ்வளவு அடர்த்தி என்பதற்குக்கூட அந்தத் தாளில் ஓர் இடம் உண்டு. வர்ணத்துக்கு மதிப்பெண் கிடையாது.